அமுக்கியாச்சு சரி, பூட்டுச்சா?

ஆபீஸ்ல ஆணி அதிகம் மக்களே, அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டல. இன்னிக்கு எழுத வந்தது சினிமா இல்ல, அரசியலும் இல்ல. கார் சாவி. துவாரத்துல விட்டுத் திருகுற சாவி இல்லீங்க. பொத்தானை அமுக்கினா நாப்பது அடி தள்ளி நிக்கிற கார் 'குய்க்'னு கத்திட்டு கண்ணடிக்குமே, அந்தச் சாவி.

நான் குப்பை கொட்டுறது ஒரகடத்துல, ஒரு உதிரிபாகக் கம்பெனியில. ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து சிங்கப்பெருமாள்கோயில் போற ரோட்டுல ஒரு தடவை வந்திருந்தாலே உங்களுக்கு ஊர் புரிஞ்சிருக்கும். பஸ்ஸை விட டிரெய்லர் லாரிதான் அதிகம், ஒவ்வொண்ணுலயும் பிளாஸ்டிக் உறை பிரிக்காத புதுக் கார். இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் 1998-ல இருந்து வண்டி செய்யுது. நிசானும் ரெனோவும் சேர்ந்து ஒரகடத்துல ஆலை திறந்தது 2010. அப்புறம் டைம்லர் லாரி, என்ஃபீல்டு புல்லட்னு வரிசையா வந்தாச்சு. ஆனா இங்க வேலை பாக்குறவங்கள்ல முக்காவாசிப் பேர் வர்றது கம்பெனி பஸ்லயும் ஷேர் ஆட்டோலயும்தான். நாள் பூரா கார் கதவைத் தொடுறவங்க கையில கார் சாவி இருக்காது. அது தனிக் கதை, இன்னொரு நாள் பாப்போம்.

இந்தப் பதிவுக்குக் காரணம் எங்க கம்பெனி கேட்ல நின்ன ஒரு செக்யூரிட்டி அண்ணன்.

போன வருசம் மழைக்காலம். வெளி கம்பெனில இருந்து ஒரு இன்ஜினியர் மீட்டிங்குக்கு வந்தார். காரை பார்க்கிங்ல கடைசி மூலையில, பக்கத்து கம்பெனி காம்பவுண்ட் சுவரை ஒட்டி விட்டுட்டு உள்ள போனார். மூணு மணி நேரம் கழிச்சு வந்து பாத்தா பின் சீட்ல இருந்த லேப்டாப் பை இல்ல. கண்ணாடி உடையல. பூட்டுல ஒரு கீறல் இல்ல. அந்த மூலைக்கு கேமராவும் இல்ல. அவர் அடிச்சு சொல்றார், "நான் லாக் பண்ணேன். பட்டனை அமுக்கினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

அப்ப யார் எடுத்திருப்பா? ஆபீஸே சேர்ந்து கண்டுபிடிச்ச பதில், செக்யூரிட்டி. வெளி ஏஜென்சி மூலமா வந்தவர், வயசு அம்பத்தெட்டு இருக்கும், பக்கத்து கிராமத்துக்காரர், முன்னாடி மாடு வெச்சிருந்தவர். பன்னெண்டு மணி நேர டியூட்டி. போலீஸுக்குப் போக வேணாம், சம்பளத்துல மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா புடிச்சுக்கலாம்னு ஏஜென்சி 'பெருந்தன்மையா' முடிவு பண்ணிடுச்சு.

டீ குடிக்கப் போனப்ப என்கிட்ட கேட்டார். "சார், நான் அந்த வண்டிகிட்டயே போகல சார். கண்ணாடி உடைக்காம, சாவி இல்லாம, நான் எப்படி சார் எடுக்க முடியும்?"

அவரைக் காப்பாத்த வேண்டிய கேள்வி அது. ஆனா அதையே வெச்சுத்தான் அவரை மாட்டிவிட்டாங்க. ஒண்ணும் உடையலையா, அப்ப உள்ளாள் வேலைதான்னு.

சரி, இந்தச் சாவி என்னதான் செய்யுதுன்னு கொஞ்சம் பாப்போம். இதைத்தான் நான் அட்மின் ஆபீசருக்கும் சொன்னேன்.

கார் ரிமோட்டை முதல்ல கொண்டு வந்தவங்க நம்ம பக்கத்து காம்பவுண்ட்காரங்கதான், ரெனோ. 1982-ல ஃபூயெகோங்கிற கார்ல வந்தது. கண்டுபிடிச்சவர் பேரு பால் லிப்ஷுட்ஸ். அவர் பேரைச் சுருக்கி 'ப்ளிப்'னு வெச்சாங்க. பிரான்ஸ்ல இன்னிக்கும் கார் ரிமோட்டுக்குப் பேரு ப்ளிப்தான். நம்ம ஊர்ல ஜெராக்ஸ் மாதிரி.

இப்போதைய சாவிக்குள்ள பெருசா ஒண்ணும் இல்ல. மூணு வோல்ட் பொத்தான் பேட்டரி, ஒரு சின்ன சிப்பு, ரெண்டு மூணு பொத்தான். ஆன்டெனான்னு தனியா கம்பி கிடையாது, சர்க்யூட் பலகையோட ஓரத்துலயே செம்புக் கோடா வளைச்சு ஓட்டியிருப்பாங்க. பொத்தானை அமுக்குற வரைக்கும் சிப்பு தூங்கும். அமுக்கினா முழிச்சு, ஒரு சின்னச் செய்தியை ரேடியோவுல அனுப்பிட்டு மறுபடி தூங்கிடும். நம்ம ஊர் கார்கள்ல அது 433 மெகாஹெர்ட்ஸ் பக்கம், அமெரிக்காவுலயும் ஜப்பான்லயும் 315. அனுப்புற சக்தி ரொம்பக் கம்மி, அதான் ஒரு பேட்டரி வருசக்கணக்குல வருது. (கார் தூரமா இருந்து எடுக்கலைன்னா சாவியைத் தாடைக்குக் கீழ வெச்சு அமுக்கிப் பாருங்க. உடம்பும் ஆன்டெனாவுக்குத் துணைக்கு வந்து கொஞ்ச தூரம் கூடப் போகும். பக்கத்துல ஆள் இருந்தா ஒரு மாதிரி பாப்பாங்க, அதுக்கு நான் பொறுப்பில்ல :-) )

செய்தியில என்ன இருக்கு? ஆரம்ப கால ரிமோட்ல வெறும் நம்பர்தான். எப்ப அமுக்கினாலும் அதே நம்பர். சான்ட்ரோ, மாருதி 800 காலத்துல சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல வெளிய இருந்து சென்ட்ரல் லாக் மாட்டிக்கிட்டவங்க நம்மள்ல நிறையப் பேர் இருப்போம். மலிவான செட்டுன்னா பெரும்பாலும் இந்த ரகம்தான். கேட்டுக்கு, ரோலிங் ஷட்டருக்கு வர்ற மலிவு ரிமோட் பலதுல இன்னிக்கும் இதே கதைதான். ஒருத்தன் பக்கத்துல நின்னு அந்த நம்பரை ஒரு தடவை ரேடியோவுல புடிச்சுட்டான்னா முடிஞ்சது, திருப்பிப் போட்டா கதவு தொறந்துடும். காப்பி அடிக்கிற ரிமோட்டே கடையில விக்கிது.

இதுக்கு மருந்தா வந்ததுதான் உருளும் குறியீடு, ரோலிங் கோடு. இதுல பேர் போனது கீலாக். 1980-கள்ல தென்னாப்பிரிக்காவுல பிறந்தது, 1995-ல மைக்ரோசிப் கம்பெனி வாங்கிடுச்சு. ஐடியா ரொம்ப எளிமை. சாவிக்குள்ள ஒரு கணக்குப் புள்ளை உக்காந்திருக்கான். நீங்க ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் எண்ணிக்கையை ஒண்ணு கூட்டுவான். அந்த எண்ணிக்கையை ரகசியச் சாவி போட்டு கலக்கி, அடையாளம் தெரியாம ஆக்கி அனுப்புவான். கார்லயும் அதே ரகசியம் இருக்கு. அது பிரிச்சுப் பாத்து, 'போன தடவை 4170, இப்ப 4171, சரி'ன்னு தொறக்கும். பழைய செய்தியைப் பதிவு பண்ணி மறுபடி போட்டா, 'இது ஏற்கெனவே வந்த நம்பராச்சே'ன்னு தூக்கிப் போட்டுடும்.

இங்க ஒரு நடைமுறைச் சிக்கல். வீட்டுல குழந்தை சாவியை வெச்சு விளையாடுது, கார் எங்கயோ இருக்கு. சாவியில எண்ணிக்கை ஏறிடும், காருக்குத் தெரியாது. அதுக்குத்தான் ஒரு சலுகை. கீலாக் சிப்போட வழக்கமான முறையில 16 வரைக்கும் முன்னாடி போயிருந்தா கார் கண்டுக்காம தொறக்கும். அதுக்கு மேல ஓடியிருந்தா ரெண்டு தடவை அடுத்தடுத்து அமுக்கச் சொல்லும், வரிசை சரியா இருந்தா ஏத்துக்கும். பின்னாடி போனா மட்டும் எந்தக் காலத்துலயும் ஒத்துக்காது. மொத்த எண்ணிக்கை 65,536. ஒரு நாளைக்குப் பத்து தடவை அமுக்கினா பதினேழு பதினெட்டு வருசம் ஓடும். அதுக்குள்ள கார் பேரீச்சம்பழத்துக்குப் போயிடும்.

கீலாக்கும் உடையாத பூட்டு இல்ல. 2008-ல ஜெர்மனியில போகும் நகரத்துப் பல்கலைக்கழக ஆளுங்க, சிப்பு வேலை செய்யும்போது எவ்வளவு மின்சாரம் இழுக்குதுன்னு அளந்து பாத்தே உள்ள இருக்குற ரகசியத்தை எடுத்துக் காமிச்சாங்க. ஆனா அதெல்லாம் ஆய்வகச் சாமான் வெச்சு, படிச்சவங்க செஞ்ச வேலை. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் அவுத்து விட்டாரு, "செக்யூரிட்டிகிட்ட யாரோ சைனா காப்பி மிஷின் குடுத்திருப்பான்"னு. கம்பெனியில இருந்து ரோலிங் கோடோட வந்த வண்டியை அந்த ரகக் காப்பி ரிமோட் தொறக்காது. அவருக்கு நான் சொன்ன முதல் பதில் அது.

ரெண்டாவது பதில்தான் முக்கியம். இந்தச் சாவிக்கு வாய் உண்டு, காது கிடையாது.

தபால் பெட்டியில கார்டு போடுற மாதிரி. போட்டது உங்களுக்குத் தெரியும், போய்ச் சேந்துச்சான்னு தெரியாது. சாவியில மினுக்குற சின்ன சிவப்பு விளக்கு 'அனுப்பிட்டேன்'னு மட்டும்தான் சொல்லும். 'கார் பூட்டிடுச்சு'ங்கிற ரசீது கார் குடுக்கணும், இண்டிகேட்டரை ஒரு தடவை மினுக்கி, லாக் விழுற சத்தத்தைப் போட்டு. பதில் வாங்குற ரிமோட்டும் உலகத்துல இருக்கு, ஆனா நம்ம கையில இருக்குறது பெரும்பாலும் இந்த ஒருவழிப் பாதைதான். நடந்துக்கிட்டே, போன் பேசிக்கிட்டே, திரும்பிப் பாக்காம தோளுக்கு மேல அமுக்கிட்டுப் போற பழக்கம் நம்ம எல்லாருக்கும் உண்டு. அதுல அந்த ரசீதை யாரும் வாங்குறதில்ல.

அப்ப கார்டு ஏன் போய்ச் சேராம இருக்கும்? அதே 433-ல வேற யாராவது சத்தமா பேசிக்கிட்டிருந்தா கார் காதுல எதுவும் விழாது. ஷட்டர் ரிமோட், காலிங் பெல், தொழிற்சாலையில கிரேன் ஓட்டுற ரிமோட்னு பல சாமான் இதே சந்துலதான் குடித்தனம். ரொம்ப தூரத்துல நடந்த கதை ஒண்ணு: 2019-ல அமெரிக்காவுல ஒஹையோ மாநிலம், நார்த் ஓம்ஸ்டெட்னு ஒரு ஊர். ஒரு வட்டாரத்துல யார் கார் சாவியும் வேலை செய்யல, கராஜ் கதவும் தொறக்கல. வாரக்கணக்கா தேடிப் பாத்தா, ஒரு வீட்டுல ஒருத்தர் பொழுதுபோக்கா செஞ்ச எலக்ட்ரானிக்ஸ் சாமான் ஒண்ணு ஓயாம 315-ல கத்திக்கிட்டு இருந்திருக்கு. அவருக்கே தெரியாது. இது தெரியாம நடக்குறது. தெரிஞ்சே செய்யிற திருடனும் உண்டு. பார்க்கிங்ல நின்னு நீங்க அமுக்குற நேரத்துக்கு இரைச்சலைப் போட்டுட்டு, நீங்க போனதும் கதவைச் சும்மா இழுத்துத் தொறப்பான். எதையும் உடைக்க வேண்டிய அவசியமே இல்ல, ஏன்னா கார் பூட்டவே இல்ல. இன்னும் ஒரு படி மேல, 2015-ல சாமி கம்கார்ங்கிற ஆளு ஒரு சின்னக் கருவி செஞ்சு காமிச்சார். அது காரோட காதை அடைச்சுக்கிட்டே உங்க செய்தியைத் தான் வாங்கி வெச்சுக்கும். கார் கேக்காத நம்பர்ங்கிறதால அது இன்னும் செல்லுபடி ஆகும்.

வண்டி இந்த மாதிரி இரைச்சலைத் தாங்குதா, தானே இரைச்சல் போடுதான்னு சோதிக்கத்தான் பெரிய பெரிய கூடம் கட்டி வெச்சிருக்காங்க. ஒரகடத்துலயே ஜி.ஏ.ஆர்.சி.னு மத்திய அரசோட வாகன ஆராய்ச்சி மையம் இருக்கு, அங்கயும் உண்டு. இந்த மாதிரிக் கூடத்துல சுவர் பூரா கூம்பு கூம்பா பஞ்சு ஒட்டி, ரேடியோ அலை எதிரொலிக்காதபடி செஞ்சு, நடுவுல காரை நிறுத்திச் சோதிப்பாங்க. ஆனா எவ்வளவு சோதிச்சாலும், கூப்புடுற குரலை விடப் பக்கத்து இரைச்சல் அதிகமா இருந்தா யாரா இருந்தாலும் கேக்க மாட்டாங்க. சந்தையில நின்னு பேசிப் பாத்தவங்களுக்குத் தெரியும்.

வாயால சொன்னா அட்மின் ஆபீசர் நம்பல. நல்ல மனுசன், ஆனா கண்ணால பாத்தாத்தான் ஒத்துக்குவார். ஒரு சனிக்கிழமை மத்தியானம், அவர் காரையே அதே மூலையில நிறுத்தச் சொன்னேன். ஸ்டோர்ஸ் ஷட்டரோட ரிமோட்டை வாங்கி, கார் முன்கண்ணாடிகிட்ட புடிச்சு அமுக்கிக்கிட்டே நின்னேன். "சார், இப்ப அங்க இருந்து லாக் பண்ணுங்க." அம்பது அடி தள்ளி நின்னு அமுக்கினார். ஒண்ணும் இல்ல. மறுபடி அமுக்கினார். ஒண்ணும் இல்ல. நான் கையை எடுத்தேன். குய்க். மூணு தடவை செஞ்சோம், மூணு தடவையும் அதேதான். நாலாவது தடவை ஷட்டர் ரிமோட்டைத் தன் கையில வாங்கிக்கிட்டு என்னை அந்தப் பக்கம் அனுப்பினார்.

அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம் ஷெட்ல ஓடுற கிரேனைக் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே நின்னார். ஆபரேட்டர் கழுத்துல ரிமோட் தொங்குது.

அன்னிக்கு நடந்தது இதுதான்னு நான் சொல்லல, சொல்லவும் முடியாது. கிரேன் ரிமோட்டா, திருடனா, இல்ல அந்த இன்ஜினியர் அமுக்கவே இல்லையா, யாருக்குத் தெரியும்? நான் கேட்டது ஒண்ணுதான்: 'அமுக்கினேன்'ங்கிறதை மட்டும் சாட்சியா வெச்சு ஒரு மனுசன் சம்பளத்துல கை வைக்கலாமா? அட்மின் ஆபீசர் ஏஜென்சிக்கு மெயில் போட்டார். பிடித்தம் நின்னுச்சு. முதல் மாசம் புடிச்சது மட்டும் திரும்பி வர இன்னும் ரெண்டு மாசம் ஆச்சு. அதுக்குள்ள அண்ணனை வல்லம் பக்கம் வேற கேட்டுக்கு, நைட் டியூட்டிக்கு மாத்திட்டாங்க. எங்க பார்க்கிங்ல இப்ப ஒரு போர்டு தொங்குது: 'வாகனத்தைப் பூட்டியபின் கைப்பிடியை இழுத்துப் பார்க்கவும்.' பெயின்ட் காயறதுக்குள்ள ஒருத்தர் அதுல சாஞ்சு நின்னு சட்டையைக் கெடுத்துக்கிட்டது இந்தக் கதைக்குச் சம்பந்தமில்ல.

இது பழைய ரகம். இப்ப பொத்தானே அமுக்க வேணாம், சாவி பாக்கெட்ல இருந்தா போதும், கைப்பிடியைத் தொட்டா தொறக்கும், ஸ்டார்ட் பட்டனை அமுக்கினா ஓடும். 2010-ல ஒரகடத்துல இருந்து வந்த நிசான் மைக்ராவோட உயர்ந்த மாடல்லயே இது இருந்துச்சு. இதுல பேச்சை ஆரம்பிக்கிறது கார். 125 கிலோஹெர்ட்ஸ்ல, ஒண்ணு ரெண்டு மீட்டர் மட்டும் போற மாதிரி மெதுவா, 'பக்கத்துல இருக்கியா?'ன்னு ஒரு புதிர் போடும். சாவிக்கு இதுல காது உண்டு. அது விடையைக் கணக்குப் போட்டு மேல் அலைவரிசையில அனுப்பும்.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னைக் கேட்டா, திருட்டு விஷயத்துல இதை விடப் பழைய பொத்தானே தேவலை. பொத்தான் சாவி நீங்க அமுக்கினாத்தான் வாயைத் தொறக்கும். இது யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லும், நீங்க தூங்கிக்கிட்டு இருந்தாலும். ஒருத்தன் கார்கிட்ட ஒரு பெட்டியோட நிப்பான். இன்னொருத்தன் உங்க வீட்டு வாசக்கதவுகிட்ட, நீங்க சாவி மாட்டுற ஆணிக்கு அந்தப் பக்கம், இன்னொரு பெட்டியோட. கார் மெதுவா கேட்டதை முதல் பெட்டி வாங்கி ரெண்டாவதுக்குக் கடத்தும். சாவி, கார் பக்கத்துலதான் இருக்குன்னு நினைச்சு விடை சொல்லும். கதவு தொறக்கும், இன்ஜினும் ஓடும். ரகசியம் எதையும் யாரும் உடைக்கல, தூரத்தை மட்டும் ஏமாத்திட்டாங்க. 2011-ல சூரிச் ஈ.டி.எச். ஆராய்ச்சியாளர்கள் எட்டு கம்பெனிகளோட பத்து மாடல் எடுத்துச் சோதிச்சாங்க. பத்தும் தொறந்துச்சு.

வண்டி போனப்புறம்தான் நம்ம ஊர்ல அடுத்த கட்டம். இன்சூரன்ஸ்காரங்க முதல்ல கேக்குறது, "ரெண்டு சாவியும் குடுங்க." ஒண்ணு கொறைஞ்சா, நீங்கதான் சாவியை வண்டியில விட்டீங்கன்னு பேச்சு வரும். ரெண்டும் பத்திரமா இருந்தாலும், "கண்ணாடியே உடையலையே சார், பூட்டினீங்களா?" செக்யூரிட்டி அண்ணன்கிட்ட கேட்ட அதே கேள்விதான், இந்தத் தடவை ஓனர்கிட்ட. அதனால ரெண்டாவது சாவி எங்க இருக்குன்னு இன்னிக்கே தேடி எடுத்து வெச்சுக்குங்க.

இதுக்கும் மருந்து வந்துக்கிட்டு இருக்கு. ரேடியோ அலை ஒரு நானோசெகண்டுல 30 சென்டிமீட்டர்தான் போகும். கேள்வி போய் விடை வர எவ்வளவு நேரம் ஆச்சுன்னு அவ்வளவு நுணுக்கமா அளந்தா, சாவி உண்மையிலயே எத்தனை அடி தள்ளி இருக்குன்னு காருக்குத் தெரிஞ்சிடும். நடுவுல எத்தனை பெட்டி வெச்சாலும் நேரம் கூடும், கொறைக்க முடியாது. அல்ட்ரா வைட்பேண்ட்னு பேரு. 2021-ல வந்த டிஜிட்டல் கீ 3.0-ங்கிற பொது விதிமுறையில இதைச் சேத்துட்டாங்க. நம்ம பட்ஜெட் வண்டிகளுக்கு எப்ப இறங்கி வருமோ.

அதுவரைக்கும்? சில சாவி ஆடாம அசையாம இருந்தா தானே தூங்கிடும், உங்களோடது அந்த ரகமான்னு வண்டிப் புத்தகத்துல பாருங்க. இல்லைன்னா இறுக்கமா மூடுற ஒரு எவர்சில்வர் டப்பா. எந்த டப்பாவையும் நம்பி அப்படியே விட்டுடாதீங்க. சாவியை உள்ள போட்டு மூடி, டப்பாவைக் கையில எடுத்துக்கிட்டு கார்கிட்ட போய்க் கைப்பிடியைத் தொடுங்க. தொறந்துச்சுன்னா அந்த டப்பா சரியில்ல. சாவி பேட்டரி திடீர்னு செத்தா பயப்பட வேணாம், சாவிக்குள்ள ஒளிஞ்சிருக்குற இரும்புச் சாவியால கதவைத் தொறந்து, சாவியை ஸ்டார்ட் பட்டன் மேலயே (சில வண்டியில அதுக்குன்னு தனி இடம் இருக்கும்) வெச்சு அமுக்கினா ஓடும். இன்ஜினுக்கு அனுமதி குடுக்குற சிப்பு பேட்டரி இல்லாமலே, கார் குடுக்குற அலையில இருந்தே சக்தி எடுத்துக்கும்.

எங்க வீட்டுல மூணு டப்பா சோதிச்சோம். முதல் ரெண்டும் ஃபெயில். மூணாவது பாஸ், ஆனா அது தங்கமணியோட பெருங்காய டப்பா. பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டு இருக்கு.